மீதிச் சில்லறை விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு முகம் இல்லை. ஆகவே அந்த இரண்டு வரிகளுக்கும் இடம் விட்டுத் தொடங்குகிறேன். தாங்கள் பெரிய மனது செய்து தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்ளவும். தங்கள் தபால் அட்டை கிடைத்தது. தங்கள் மகனைத் திருடன் என்று நிரூபித்துப் பதினோரு பக்கம் எழுதி, வரைபடம் ஒன்றும் இணைத்து, பதிவுத் தபாலில் நான் அனுப்பிய கடிதத்துக்குத் தாங்கள் எழுதிய பதில் மொத்தம் இரண்டே வாக்கியம். "கடிதம் கிடைத்தது. பையன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான்." அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். "பார்த்தாயா திமிரை" என்று மனைவியிடம் அட்டையை நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "நல்லவேளை, சாப்பிட்டிருக்காரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இப்போது நான் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் காது மடல் சுடுகிறது. முதல் வேண்டுகோள்: அந்தப் பதினோரு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். மொத்தமாகக் கிழிக்க மனம் வராவிட்டால் ஐந்தாம் பக்கத்தை மட்டுமாவது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு பத்திரிகையில் இந்தப் பிட்காயினைப் பற்றிப் படித்துப் படித்து எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது. வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள், எங்கள் வீட்டிலேயே எங்களோடு இருந்த தங்கள் மகன்தான். "வேணாம் மாமா, இன்னிக்கு ஏறும், நாளைக்கு இறங்கும், உங்க ரத்த அழுத்தமும் கூடவே ஏறி இறங்கும்" என்றார். நான் கேட்பேனா? முப்பத்தைந்து வருடம் தணிக்கை அதிகாரியாக இருந்தவன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை எனக்குக் கணக்குச் சொல்வதா? ஓய்வுத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, என் மகளுக்கென்று ஒதுக்கி, வாங்கியே தீருவேன் என்று நின்றேன். சரி என்று அவரே உட்கார்ந்து என் தொலைபேசியில் வாலட் என்னும் அந்தப் பணப்பையை ஏற்றிக் கொடுத்தார். அதைத் திறக்கப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவனிடம்தான் பணம். அந்தச் சொற்கள் திரையில் வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "எழுதி முடிச்சுட்டுச் சொல்லுங்க மாமா, அப்பறம் திரும்பறேன்" என்றார். எனக்கு எழுத்து நிதானம். முழுசாகக் கால் மணி நேரம் அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைத்தான் சம்பந்தி, என் சென்ற கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "தேர்ந்த நடிப்பு" என்று எழுதியிருந்தேன்.

பணம் வந்து விழுந்த முகவரி நாற்பத்திரண்டு எழுத்து. அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். இந்தப் பணத்துக்கு ஒரு விசேஷம்: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது உலகம் முழுக்கத் திறந்து கிடக்கும் ஒரு பேரேட்டில் பதிவாகிவிடும். பெயர் இருக்காது, ஆனால் வரவும் செலவும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்தவன் பேரேட்டைப் பார்ப்பதற்கே பிறந்த எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய வாலட்டுக்கு ஒரு சின்னத் தொகை அனுப்பினேன். மறுநாள் காலை காப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததா என்று பேரேட்டைத் திறந்தேன். சின்னத் தொகை மகளுக்குப் போயிருந்தது. அதே நொடியில், மீதி இருந்த பெருந்தொகை அத்தனையும், எனக்கு முன்பின் தெரியாத வேறொரு முகவரிக்குப் போயிருந்தது. என் முகவரியில் இருப்பு: பூஜ்யம். காப்பி சட்டையில் கொட்டியது. அது சுட்டதே எனக்குத் தெரியவில்லை.

மனைவி ஓடிவந்து என் தொலைபேசியை வாங்கி வாலட்டைத் திறந்து பார்த்தாள். "என்னங்க, பணம் இங்கயே இருக்குன்னு காட்டுதே?" என்றாள். சம்பந்தி, அந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காசாளர் சொல்ற இருப்பை நம்புறவன் தணிக்கைக்காரன் இல்லடி. அது கண் துடைப்பு. மூலப் பதிவைப் பார்க்கணும்" என்றேன். பணத்தைச் சுருட்டுகிறவர்கள் ஏமாந்தவனுக்குப் பொய் இருப்பைக் காட்டுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த அரைகுறைப் படிப்பு என்னைக் குழிக்குள் இறக்கியது.

அன்றே துப்பறியத் தொடங்கிவிட்டேன். பணத்தை எடுத்தவனுக்கு "ஆசாமி" என்று பெயர் வைத்தேன். வாலட் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க மகளுக்கு இன்னொரு சின்னத் தொகை அனுப்பினேன். போயே போய்விட்டது! ஆனால் எங்கிருந்து? ஆசாமியின் முகவரியிலிருந்து! நான் அனுப்பச் சொன்ன தொகையை ஆசாமி தன் கையிலிருந்து என் மகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது முகவரிக்கு ஓடியிருந்தான். கூடத்துச் சுவரில் பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டி, முகவரிகளை எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். நூல் எங்கே கிடைத்தது என்றால், மாப்பிள்ளைக்கென்று மனைவி பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் இடது கையைப் பிரித்து எடுத்தேன். அதையும் தங்களிடம் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பிறகு பொறி வைத்தேன். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஒருமுறை அனுப்பினேன். ஆசாமி உடனே இடம் மாறினான். ஆக, ஆள் வீட்டுக்குள் இருந்தே என்னைக் கவனிக்கிறான். மாப்பிள்ளை கடைக்குப் போன பிறகு ஒருமுறை அனுப்பினேன். அப்போதும் உடனே இடம் மாறினான். ஆக, கடையில் இருந்தும் கவனிக்கிறான். இப்படி எந்தப் பக்கம் போனாலும் என் தீர்ப்பு ஒரே பக்கம்தான் வந்து நின்றது. அதற்கு மேல் யோசித்தேன்: திருடிய பணத்திலிருந்து எந்தத் திருடனாவது என் மகளுக்குத் தவறாமல் எடுத்துக் கொடுப்பானா? அவள்மேல் அவ்வளவு பிரியம் உள்ளவன் யார்? அவள் புருஷன்! இத்தனை நாள் ஆகியும் ஆசாமி அந்தப் பணத்தில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. இவ்வளவு கையிறுக்கம் யாருக்கு வரும்? இங்கேதான் சம்பந்தி, அந்த ஐந்தாம் பக்கம். "தங்கள் குடும்பச் சிக்கனம் ஊரறிந்தது, கல்யாணத்தில் மிச்சமான மாலைகளைத் தாங்கள் எண்ணி எடுத்துப்போனதை நான் மறக்கவில்லை" என்று எழுதிவிட்டேன். எண்ணினது நான்தான். தாங்கள் வெறுமனே எடுத்துப்போனீர்கள். அதுவும், வாடகைக்கு வந்த நாற்காலிகளைத் துடைத்து அடுக்கின ஆட்களின் குழந்தைகளுக்குக் கொடுக்க.

அப்புறம் நான் செய்ததுதான் எழுதக் கை கூசுகிறது. முகவரிகளைப் பெரிய எழுத்தில் தாள் தாளாக அச்சடித்துக்கொண்டு நேரே மாப்பிள்ளை கடைக்குப் போனேன். உள்ளறையில் ஒரு பெரியவரை உயர நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்று, ஆசாமியின் முகவரித் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்து, "இது யாருது?" என்று கேட்டேன். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரியவர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, எழுத்தும் எண்ணுமாகக் கடகடவென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பத்திரண்டையும் ஒரு பிழையில்லாமல் வாசித்துவிட்டு, "இந்தக் கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு தம்பி, இதையே போட்டுக் குடுங்க" என்றார். கடையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு வெறி ஏறிவிட்டது.

"மாமா, உள்ள வந்து உக்காருங்க. அது ஒண்ணுமில்ல, சில்லறை மாதிரி ஒரு..." என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"என்ன சொன்னீங்க? என் மகளுக்குன்னு நான் சேர்த்து வச்சது உங்களுக்குச் சில்லறையா?" என்று கத்தினேன்.

"அய்யோ, அப்படி இல்ல மாமா, மீதி..."

"மீதியை நீங்கதான் எடுத்துட்டீங்களே! பஸ் நடத்துனர் வீட்டுப் புத்தி எங்க போகும்!"

அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது. வில்லைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "என்னை என்ன வேணா சொல்லுங்க மாமா. எங்கப்பாவை விட்டுடுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பெரியவர் சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தெளிவாக என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று சாயங்காலமே மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பையோடு தங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி அவர் கடைக்கு வருவதை நான் அறிவேன். நான் என்ன செய்தேன்? பதினோரு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு இணையக் குற்றப் பிரிவுக்குப் போய், பெயர் குறிப்பிட்டுப் புகார் கொடுத்தேன்.

விசாரணைக்கு எங்களை ஒரே நாளில் கூப்பிட்டார்கள். நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் மாப்பிள்ளை, மறு கோடியில் நான், நடுவில் என் மகள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, மகளிடம் கொடுத்து, கண்ணால் என் பக்கம் காட்டினார். அவள் பாட்டிலைத் தனக்கும் எனக்கும் நடுவில் வைத்தாள். எனக்குத் தொண்டை காய்ந்துபோயிருந்தது. ஆனாலும் எதிர்க் கட்சிக்காரர் தண்ணீரைத் தொடக் கூடாது என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். இந்த அழகில் என் மடியில் வரைபடச் சுருள் வேறு.

உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் சுருளை விரித்து, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப உழைச்சிருக்கீங்க சார். ஒரு வழியைக்கூட நீங்க தப்பாத் தொடரல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்து போய் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தேன். "உங்க போனைக் கொஞ்சம் எடுங்க. வாலட்டைத் திறங்க. ஓரத்துல மூணு கோடு இருக்கா? அதை அழுத்துங்க. 'என் முகவரிகள்'னு ஒண்ணு வரும்" என்றார்.

அழுத்தினேன். வரிசையாக வந்தது. முதலில் நான் சிவப்புக் கோடு போட்டு வைத்த முகவரி. அதன் கீழே ஆசாமியின் முதல் முகவரி. அதன் கீழே இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பார்க்காமல் ஒப்பிக்கும் அளவுக்கு எனக்கு மனப்பாடமான எழுத்துகள், எல்லாம் என் தொலைபேசியில், "என்" என்ற சொல்லுக்குக் கீழே.

"ஆள் கிடைச்சுட்டாரு சார்" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு விளக்கினார். பஸ்ஸில் ஏறிப் பெரிய நோட்டை நீட்டினால் நடத்துனர் அதைக் கிழித்துப் பாதியைத் தர மாட்டார். நோட்டை முழுசாக வாங்கிக்கொண்டு டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் தருவார். இதிலும் அப்படித்தானாம். ஒரு சின்னத் தொகை அனுப்பினாலும் அந்த முகவரியில் கிடக்கும் பணம் முழுசாக வெளியே போய், கொடுக்க வேண்டியது அங்கே போக, மீதி நம்முடைய இன்னொரு முகவரிக்கே திரும்பி வந்துவிடும். சட்டையின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொள்வது மாதிரி, சட்டை ஒன்றுதான். நான் சோதிக்கச் சோதிக்க ஆசாமி ஓடியது நான் துரத்தியதால்தான். காணாமல்போனது எவ்வளவு என்று கேட்டேன். ஒவ்வொரு தடவை அனுப்பவும் ஒரு சிறு கூலி பிடிப்பார்களாம். "நீங்க துப்பறிஞ்ச செலவு மட்டும்தான் சார்" என்றார்.

சம்பந்தி, தாங்கள் முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு பயணிக்கும் ஒரு காசு குறையாமல் மீதி கொடுத்தவர். இந்த விஷயத்தை யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால் விரல் இடுக்கில் டிக்கெட்டோடு ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பீர்கள். தங்கள் மகனும் அதைத்தான் சொல்ல வந்தார். பெண் கேட்டுத் தாங்கள் வந்தபோது, நடத்துனர் வீடா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன் என்பதை இதுவரை தங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிட்டால் ஒரே தடவையாக வெட்கப்பட்டுத் தீர்க்கலாம் என்று ஓர் ஆசை.

புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது என் கையெழுத்தே எனக்கு வரவில்லை. வேறு யாரோ போட்டது போல் இருந்தது. வெளியே வந்ததும் மகள் என்னைப் பார்த்து, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?" என்றாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை, "வெயிலா இருக்கு மாமா, வண்டி கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேண்டும் என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. வண்டி வந்தது. அவரே கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதை வண்டியின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டக்கூட இல்லை. "முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கினீங்க. இப்ப சம்பளம் இல்லாமயே பாக்குறீங்க" என்றாள். சுவரில் இருந்த தாள்களைக் கிழித்தேன். பசை போட்டு ஒட்டியதால் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. இப்போது கூடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அந்த இடம்தான் கண்ணில் படுகிறது.

ஆகவே, சம்பந்தி, என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார். அவர்கள் இருவரையும் பழையபடி இங்கேயே வந்து இருக்கச் சொல்லுங்கள். அவர்கள் அறையில் நான் ஒன்றையும் நகர்த்தவில்லை. அவர் வாசலில் கால் வைத்ததும், வயதையும் உறவையும் பார்க்காமல், "மாப்பிள்ளை, நான் செய்தது பெரிய தப்பு, மன்னிச்சிடுங்க" என்று வாய்விட்டுக் கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். நன்றாகவே வருகிறது. மனைவியும் கேட்டுவிட்டு, கடைசியில் இருமாமல் சொன்னால் போதும் என்றாள். அந்தப் பேரேட்டை இனி நான் திறப்பதில்லை.

தங்கள் இல்லத்தில் சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வாங்கிக்கொள்ள மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். தங்களுக்கு ஆசி சொல்லும் வயதும் எனக்கு இல்லை, தகுதியும் இல்லை. தாங்கள் எனக்குச் சொல்லலாம்.

தலை நிமிர முடியாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ள வேண்டுகோளை அடித்துவிட்டுப் படிக்கவும். இதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. மகளும் மாப்பிள்ளையும் நின்றார்கள். பழையபடி இருக்க வரவில்லை; சாமான் எடுக்க வந்தார்கள். கடைக்கு அடுத்த தெருவில் மாடியில் இரண்டு அறை பார்த்துவிட்டார்களாம். தங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். நான் எழுந்து நின்றேன். கண்ணாடி முன் பழகிய வாக்கியம் முழுசும் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். "கதவைச் சாத்துங்க, தூசி வருது" என்றது வாய். மாப்பிள்ளை சாத்தினார். பெட்டிகளை இறக்க நானும் கை கொடுத்தேன். மூன்று தடவை படியேறி இறங்கியும் அந்த வாக்கியம் வரவில்லை. கிளம்பும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "புது வீட்டுச் சாவி மாமா. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். நாங்க இல்லாதப்ப வந்தாலும் உள்ள வந்து உக்காருங்க" என்றார். திருடன் என்று நான் எழுதிக் கொடுத்த மனிதர், சம்பந்தி, தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுக்கிறார். அதற்கு இந்தப் பாழாய்ப்போன வாய் என்ன கேட்டது தெரியுமா? "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மட்டும் கொஞ்சம் சிரித்து, "ரெண்டும் திறக்கும் மாமா" என்று சொல்லிவிட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்களே அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் உத்தமம். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்துகொள்கிறேன்.